எழில் என்று பெயர் வைத்தீர்கள், எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?



ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, 'எழில்' என்று பெயர் வைக்கும் வீடுகள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கமும் உண்டு. அதிகம் இல்லை. எண் கணித ஜோசியரிடம் கூட்டல் பார்த்து, ஷ, ஜ, ஸ எழுத்துகளைத் தேடிப் பிடித்து வைக்கும் பெயர்களே இன்னும் முன்னால் நிற்கின்றன. ஆனாலும் எழில் நல்ல பெயர். அழகு என்று பொருள். எழிலனையும் எழிலரசியையும் வீட்டில் எழில் என்றே கூப்பிடலாம். 'துள்ளாத மனமும் துள்ளும்' (1999) படத்தின் இயக்குநர் பெயரும் இதுதான்.

"ஆணா பெண்ணா என்று குழம்பாதா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். இந்த நாட்டில் அந்தக் கவலையே வேண்டாம்! பெயருக்குப் பின்னால் ஏ/எல், ஏ/பி நிற்கிறது. போதாதென்று மைகார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

சிக்கல் 'ழ'வில்தான் இருக்கிறது.

ரூமியில் அதை இசட், எச் போட்டு எழுதுகிறோம். அந்த வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. மலாய் படித்த கண்ணுக்கு இசட் என்றால் 'ஸ' மாதிரி ஒலிதான். முன்னால் நிற்கும் 'ஈ' எழுத்துக்கும் மலாயில் இரண்டு ஒலி உண்டு. தங்கத்துக்குச் சொல்லும் 'எமாஸ்' வார்த்தையில் அது ஏறக்குறைய 'அ' போலவே கேட்கும். ஆக, பள்ளியில் உங்கள் எழில் 'அஸில்' ஆகிவிடுகிறது. வேறு இனத்துப் பெயர் என்றே நினைத்துக்கொள்வார்கள். சரி, எல் போட்டு எழுதலாமே என்றால் 'எலில்'. வகுப்புப் பிள்ளைகள் 'எலி' என்று கேலி செய்ய எத்தனை நாள் ஆகும்? ஆசிரியரைக் கோபித்துப் பயனில்லை, அவர் எழுத்தைத்தான் படிக்கிறார்.

நம் வாய் மட்டும் சுத்தமா? வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறோம். பெற்ற தாயே 'எளில், சாப்பிட வா' என்று கூப்பிட்டால் மற்றவரை எப்படித் திருத்துவது?

நம் பெயரை அடுத்தவர் தம் போக்கில் படிப்பது புதிதல்ல. 2006 ஜூலையில் தேசியப் பதிவிலாகாவின் 'விரும்பத்தகாத பெயர்கள்' பட்டியல் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கிறதா? அதில் கருப்புசாமியும் இருந்தது! 'கறுப்புக் கடவுள்' என்று மொழிபெயர்த்து, பிள்ளைக்கு ஆகாத பெயர் என்றார்கள். தோட்டத்து எல்லையில் நம் தாத்தாமார் கும்பிட்ட காவல் தெய்வம் அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அதற்கும் முன்னால் தோட்டத்தில் கிராணி எழுதியதுதான் பெயர். படிக்காத தாத்தா தலையாட்டினார். முனியாண்டி என்ற ஒரே மனிதர் ஒரு பத்திரத்தில் 'ஐ' எழுத்தில் முடிவார், இன்னொன்றில் 'ஒய்' எழுத்தில் முடிவார். பிறகு சேமநிதிப் பணம் எடுக்கவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்கும், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

ஆகவே பதிவுக்குப் போகும் முன்பே ரூமி எழுத்தை முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் இசட், எச் போட்டே எழுதுங்கள் என்பேன். உலகத் தமிழர் பலரும் அதை ழகரம் என்று அடையாளம் காண்பார்கள். பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கவுண்டரில் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். அப்பா, அம்மா பெயர் அவரவர் மைகார்டில் உள்ளபடியே இருக்கட்டும், அதை அழகுபடுத்தப் போகாதீர்கள். பத்திரம் கைக்கு வந்ததும் வெளியே வராமல், அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். கண் சரியில்லை என்றால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துப் போங்கள்.

அப்புறம் வீட்டில் பழகுங்கள். 'ள' சொல்லும்போது நாக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கும் நாக்கு மடியும், ஆனால் தொடாது. அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போவதற்குள் தன் பெயரைத் தானே சொல்லட்டும். ஆசிரியர் 'அஸில்' என்றால், "எழில், சிக்கு" என்று மரியாதையாகத் திருத்த ஏழு வயதுப் பிள்ளைக்கு முடியும்.