பெட்டி வந்துவிட்டது, அறை எங்கே?

சர்வர் வந்து இறங்குகிற நாளில்தான் நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் அதற்கு இடம் தேடுகிறார்கள். மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருக்கும். பழைய ஃபைல் அடுக்கிய ஸ்டோர் ரூம் இருக்கும். பாத்ரூமை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கும். “அது சும்மாதான் கெடக்குது, எடுத்துக்குங்க” என்று பெருந்தன்மையோடு கொடுப்பார்கள். எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று மூன்று கொட்டேஷன் வாங்கி மாதக்கணக்கில் பேரம் பேசியவர்கள், இந்த இயந்திரம் எங்கே நிற்கும், எவ்வளவு கரண்ட் இழுக்கும், எந்தக் காற்றை உள்ளே வாங்கும் என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி முதலாளி கேட்டார்: “ஏனுங்க தம்பி, இத்தன சின்னப் பொட்டிக்கு ஒரு ரூமே வேணுங்களா?”

“பொட்டிக்கு இல்லீங்ண்ணா, அது விடுற சூட்டுக்குங்க.”

அவர் கேட்டதில் தப்பில்லை. 2யூ சர்வரின் உயரம் 9 சென்டிமீட்டர்கூட இல்லை. அகலம் 19 அங்குலம். இந்த 19 அங்குலத்தைக் கம்ப்யூட்டர்காரர்கள் வகுக்கவில்லை. 1920-களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களை மாட்டிவைத்த இரும்புச் சட்டத்தின் அகலம் அது. உயரத்துக்கு அலகு ‘யூ’. ஒரு யூ என்றால் 1.75 அங்குலம். உலகத்தில் எந்தக் கம்பெனி சர்வரும் எந்தக் கம்பெனி ரேக்கிலும் உட்காருவது இந்த இரண்டு அளவுகளின் புண்ணியத்தில்தான். அந்த நம்பிக்கையில் மூன்றாவது அளவை மறந்துவிடுகிறார்கள். ஆழம்.

சுவரில் மாட்டுகிற 9யூ ரேக் ஒன்று கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். நெட்வொர்க் சுவிட்சுக்காகச் செய்தது அது. ஆழம் அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சர்வரோ 70, 75 சென்டிமீட்டர் நீளம். பின்னால் ஒயர் வளைய இடம் வேண்டும், சர்வரைத் தாங்கும் ரெயில் நீள இடம் வேண்டும். ஆகக் குறைந்தது 1,000 மில்லிமீட்டர் ஆழமுள்ள, தரையில் நிற்கிற ரேக் தேவை. சர்வரின் மூக்கு அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். கதவு சாத்த முடிந்தால் அது இன்னொரு வம்பு. கண்ணாடிக் கதவு. உள்ளே நீல விளக்கு மினுக்குவது பார்க்க அழகாக இருக்கும், காற்று போகாது. சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும் இயந்திரம். அதற்கு முன்னும் பின்னும் சல்லடைக் கதவுதான் சரி.

எடையையும் பார்க்க வேண்டும். வட்டுகள் நிறைந்த 2யூ சர்வர் 30 கிலோவைத் தொடும். தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும். கனமானதைக் கீழே போட்டு மேலே ஏறிக்கொண்டு போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சர்வரை ரெயிலோடு வெளியே இழுத்தால் ரேக்கே முன்னால் சாயும். சர்வரைவிட மோசம் யூபிஎஸ் பாட்டரி. 65 ஆம்பியர்-அவர் பாட்டரி ஒன்று சுமார் 20 கிலோ. பதினாறு வைத்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். நம் வீட்டு மாடிகளைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். வீட்டை அலுவலகமாக மாற்றி முதல் மாடியில் சர்வர் ரூம் வைப்பவர்கள், பாட்டரி அடுக்கை அறையின் நடுவில் நிறுத்தாமல் பீம் ஓடும் சுவரோரம் நிறுத்துவது நல்லது. கட்டிட இன்ஜினியரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுவது அதைவிட நல்லது.

இனி சூடு. சர்வருக்குள் போகும் மின்சாரம் அனைத்தும், ஏறத்தாழ ஒரு வாட் மிச்சமில்லாமல், சூடாகத்தான் வெளியே வரும். சூட்டை அளக்கும் அலகு பிடியு. ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.4 பிடியு. நான்கைந்து சர்வர், ஒரு ஸ்டோரேஜ், சுவிட்சுகள் எல்லாம் சேர்ந்து 3 கிலோவாட் இழுத்தால் மணிக்குப் பத்தாயிரம் பிடியு. ஒரு டன் ஏசியின் வேலை 12,000. அப்படியானால் ஒரு டன் போதுமே என்று கடைக்காரர் சொல்வார். யூபிஎஸ் விடும் சூடு, மேற்குச் சுவர் வெயில், உள்ளே போய்வரும் ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்றரை டன் வேண்டும். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். முறைவைத்து ஓட வேண்டும். வீட்டு ஸ்பிளிட் ஏசியை இரவு எட்டு மணி நேரம் ஓடுவதற்கென்று செய்திருக்கிறார்கள். வருஷம் 365 நாளும் நிற்காமல் ஓட்டினால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்ரஸர் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள அறையில் இருக்கும் காற்று சுமார் 30 கிலோதான். 3 கிலோவாட் சூடு அந்தக் காற்றை மட்டும் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால் பத்து விநாடிக்கு ஒரு டிகிரி. சுவரும் தரையும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் கணக்கு நிமிஷத்தில்தான், மணியில் இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கரண்ட் போனதும் யூபிஎஸ் சர்வரைத் தாங்கிக்கொள்ளும். ஏசி யூபிஎஸ்ஸில் இருக்காது. நின்ற ஏசிக்கும் நிற்காத சர்வருக்கும் நடுவே அறை கொதிக்கும். ஜெனரேட்டர் வந்த பிறகும் சில ஏசிகள் யாராவது ரிமோட்டை அழுத்தும்வரை எழுந்திருக்காது. ஏசி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, கரண்ட் வந்தால் தானாக ஓடுமா என்பதுதான்; நட்சத்திர ரேட்டிங் அப்புறம்.

இதற்கு நேர்மாறாக, 16 டிகிரியில் வைத்து, சால்வை போர்த்திக்கொண்டு உள்ளே போகிறவர்களும் உண்டு. வீண். அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, 2004-இல் 20 முதல் 25 டிகிரி என்று சொன்னதை 2008-இல் 18 முதல் 27 வரை என்று தளர்த்திவிட்டது. ஆனால் இந்த 27 சர்வரின் முகத்தில் படும் காற்றுக்கு, அறையின் எதிர்ச்சுவரில் தொங்கும் தெர்மாமீட்டருக்கு அல்ல. ரேக்கில் காலியாக இருக்கும் யூக்களை மூடாமல் விட்டால் பின்னால் போன வெப்பக் காற்று அந்த ஓட்டை வழியே திரும்பி வந்து மறுபடி உள்ளே போகும். அறை 20 டிகிரி காட்டும், மேல் சர்வர் 32 டிகிரிக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். காலி யூக்களை மூடுகிற தகடு சில நூறு ரூபாய். அதை மாட்டிவிட்டு ஏசியை 24-இல் வைத்தால் மாதக் கரண்ட் பில்லில் வித்தியாசம் தெரியும்.

ஊட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வரி. 35 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் சர்வரின் வரம்பு, 900 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். மெல்லிய காற்று அவ்வளவு சூட்டைச் சுமக்காது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் என்பதால் வரம்பு 30, 31-தான். குளிர்ப் பிரதேசம்தானே என்று ஃபேன்கூட இல்லாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம்.

ஏசியின் வெளி யூனிட்டைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. லண்டனில் 2022 ஜூலை 19 அன்று வெப்பம் 40 டிகிரியை எட்டியது. கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் குழுமத்துக்கு இரண்டு டேட்டா சென்டர்கள்; இரண்டிலும் அன்றைக்கே குளிரூட்டல் படுத்தது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள், எல்லாம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆனது. இரண்டு இருந்தும் இரண்டுக்கும் ஒரே வெயில். நம் ஊரில் 40 டிகிரி செய்தியே இல்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடுக்கில் நான்கு வெளி யூனிட்டை நெருக்கி வைத்தால் ஒன்று துப்பும் அனலை இன்னொன்று விழுங்கும். அக்னி நட்சத்திரத்தில் அங்கே போய் நின்று பார்த்தால் புரியும்.

மின்சாரத்துக்கு வருவோம். நல்ல சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். அதற்குக் கூடுதலாகப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, இரண்டு ஒயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிறார்கள். பாக்ஸ் போனால் இரண்டும் போச்சு. ஒவ்வொரு ஒயருக்கும் தனி எம்சிபி, முடிந்தால் தனி யூபிஎஸ். அந்த இரண்டு யூபிஎஸ்ஸும் பாதி பாரத்துக்குக் கீழேதான் ஓட வேண்டும். ஒன்று விழும் நொடியில் மொத்தச் சுமையும் அடுத்ததன் தலையில் ஏறும். தலைக்கு 70 சதவீதம் ஏற்றி வைத்திருந்தால் காப்பாற்ற வந்ததும் சேர்ந்து படுத்துவிடும். இந்த விஷயத்தில் பெரிய இடங்களும் விதிவிலக்கில்லை. 2016 ஆகஸ்ட் 8 அன்று அட்லாண்டாவில் டெல்டா ஏர்லைன்ஸின் மின்கருவி பழுதாகி விமானங்கள் உலகெங்கும் நின்றன. சுமார் 7,000 கருவிகளில் 300 போல மாற்று மின்சாரத்தோடு இணைக்கப்படாமலேயே இருந்தது அப்புறம்தான் தெரியவந்தது.

எர்த் என்றதும் ‘மூணாவது பின்தானே’ என்று அலட்சியம். சர்வரின் பவர் சப்ளையிலிருந்து ஒரு சிறு கசிவு எப்போதும் எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும்; அதன் வடிவமைப்பே அப்படி. ஒரு ரேக்கில் பத்துக் கருவி என்றால் பத்துக் கசிவும் சேரும். எர்த் இல்லாவிட்டால் அது ரேக்கின் இரும்பில் நிற்கும். தொட்டால் சுரீர் என்னும். கரியும் உப்பும் போட்ட எர்த் குழி சித்திரை வைகாசியில் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றவென்று ஒரு ஆளை நியமித்திருக்கும் கம்பெனிகள் குறைவு. சர்வர் ரூமுக்குத் தனிக் குழி தோண்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனை விடக் கூடாது.

பாட்டரிக்கு 25 டிகிரிதான் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஐந்து வருஷம் வர வேண்டிய பாட்டரியை மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வைத்துவிட்டு, இரண்டு வருஷத்தில் போச்சே என்று பாட்டரிக்காரரோடு சண்டை போடுகிறோம்.

ஈரமும் தூசும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையின் புழுக்கக் காற்று 24 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே வியர்க்கும். குளிர்ந்த அறையின் கதவை மழைநாளில் திறந்து போட்டால், ஓடாமல் நிற்கும் சர்வரின் தகட்டில் முத்து முத்தாக நீர் கோக்கும். தூத்துக்குடியில் உப்புக் காற்று. சாக்கடைக் கால்வாயை ஒட்டிய கட்டிடங்களில் அழுகல் வாயு. போர்டில் இருக்கும் தாமிரத்தையும் வெள்ளியையும் அது கறுக்கச் செய்து அரிக்கும். திருப்பூரிலும் ஈரோட்டிலும் பஞ்சு. நிட்டிங் யூனிட்டுக்குப் பக்கத்து அறையில் வைத்த சர்வரின் முகத்தில் மூன்றே மாதத்தில் மெல்லிய போர்வை படர்ந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் என்று எழுதிய ஒப்பந்தம் அங்கே செல்லாது. ஏசியின் உள் யூனிட்டை ரேக்கின் நேர் மேலே மாட்டக் கூடாது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொது. டிரெயின் குழாய் அடைக்காத ஏசி இன்னும் பிறக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று சர்வருக்கும் விபூதி பட்டை, குங்குமம் உண்டு. தாராளமாகப் பொட்டு வையுங்கள், கதவில். சாம்பிராணித் தட்டை மட்டும் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் வரும் புகை முழுவதையும் சர்வர் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்னதும் திருப்பூர் முதலாளி கணக்குப் போட்டார். இரண்டு ஏசி, தனி எர்த், இரண்டு யூபிஎஸ், சல்லடைக் கதவு ரேக், அறைக்கு வேலைப்பாடு. சர்வர் விலையை நெருங்கிவிட்டது. “அப்ப கிளவுட்டுலயே போட்டுக்கலாமுங்களா?” என்றார். போடலாம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேர்த்துவைக்கும் மருத்துவமனைக்கும், இன்டர்நெட் அடிக்கடி அறுந்துபோகும் மில்லுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சர்வர் இருப்பதில் நியாயம் உண்டு. பத்துப் பேர் டாலியில் கணக்கெழுதும் அலுவலகத்துக்கு ரேக் சர்வரே அதிகம். மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும் டவர் சர்வர் ஒன்று, ஒழுங்கான எர்த், அரைமணி தாங்கும் யூபிஎஸ். ஆட்கள் உட்காரும் ஏசியிலேயே அதுவும் ஓடும். அவர் கடைசியில் வாங்கியது அதைத்தான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் மறுபடி ஃபைல் அடுக்கிவிட்டார்கள்.