சிராய்ப்புதானே என்கிறவர்களுக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் அடிக்கடி கேட்கும் வாதம் இது: குடியிருப்பு வட்டத்துக்குள் பைக்கில் நாற்பதில்தான் போகிறோம், விழுந்தால் முழங்கை தேயும், அவ்வளவுதான். எழுந்து நடந்தவனுக்கு ஸ்கேன் எதற்கு? டெட்டாலைத் தடவிவிட்டு ஷிப்டுக்குப் போகலாம்.

எழுந்து நடந்தது சான்றாகாது. பொட்டெலும்பு மெலிதானது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழுந்து தமனி கிழிந்தால், ரத்தம் மூளையை அழுத்தச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை ஆள் தெளிவாகப் பேசுவார், டீ குடிப்பார், வண்டியையே மறுபடி ஓட்டுவார்.

2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும் சரிவில் விழுந்தார். ஒன்றுமில்லை என்றார், வந்த ஆம்புலன்ஸ் திரும்பியது. பிறகு தலைவலி. இரண்டே நாளில் மரணம். அது மோட்டார் சைக்கிள்கூட இல்லை!

தலை மட்டுமல்ல. ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினால் தோலில் தடமே இல்லாமல் மண்ணீரல் கிழியலாம்; சிலருக்கு ரத்தக்கசிவு நாள்கள் கழித்தே வெளிப்படும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

‘செலவு’ என்பது அடுத்த சாக்கு. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்குச் சிகிச்சை இலவசம், உச்சவரம்புக்கு உட்பட்டு.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கமில்லாத தூக்கம், குழறும் பேச்சு, இடது தோள்வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.