கட்டியும் கழலையும்

'கட்டி' என்னும் சொல் நம்மவர் நாவிலே படும் பாடு பெரிது. பனங்கட்டியும் கட்டி, மண்ணாங்கட்டியும் கட்டி, சீழ் கொண்டதும் கட்டி, புற்றுநோயாய் வளர்வதும் கட்டியே. இனிப்பதற்கும் உயிர் குடிப்பதற்கும் ஒரே பெயரிட்டு வழங்கினால், கேட்பவர் நெஞ்சிலே அச்சம் புகாதிருக்குமோ?

சென்ற ஆண்டு கிணற்றடியிலே குளிக்கும்போது, கொப்பூழுக்கு வலப்புறத்தே நெல்லிக்காயளவில் ஒன்று என் கையிற் பட்டது. நோவு இல்லை. மூன்று மாதம் மனையாளுக்கும் கூறாது மறைத்தேன். பின்னர் மருத்துவர் ஒருவரை நாடினேன். அவர் அழுத்திப் பார்த்து, 'லிப்போமா' என ஆங்கில எழுத்தில் எழுதித் தந்து, "பயப்பட வேண்டாம்" என்று கூறி அடுத்தவரை அழைத்தார். புற்றுநோயால் இறந்த உறவினர் ஒருவரின் சீட்டிலும் 'ஓமா' என முடியும் சொல்லொன்றைக் கண்டிருந்தேன். அன்றிரவு யான் உறங்கவில்லை.

மறுநாள் என் பழைய மாணாக்கரொருவர் வந்தார், அவரும் மருத்துவர். "ஐயா, இது கொழுப்புக் கழலை" என்றார். அச்சொல்லைக் கேட்டதும் பாதி அச்சம் நீங்கிற்று. அவர் விளக்கம் மீதியை நீக்கிற்று.

தோலின்கீழ்க் கொழுப்புக் கலங்கள் ஓரிடத்தே திரண்டு, மெல்லிய உறையுள் அடங்கி நிற்பதே இக்கழலை. நாற்பது முதல் அறுபது வயதினரிடம் மிகுதியாகக் காணப்படும். சில குடும்பங்களிலே வழிவழி வரும். மெத்தென்றிருக்கும், மெல்ல வளரும், பெரும்பாலும் நோவு தராது. புற்றுநோயாக மாறுதல் மிக மிக அரிது. உடல் மெலிந்தாலும் இது கரையாது. பத்துப் போட்டாலும் பிதுக்கினாலும் போகாது. இடையூறு செய்தால், அவ்விடத்தை மரக்கச் செய்து அறுத்தெடுக்கலாம். கழலுதல் என்பது நெகிழ்ந்து நீங்குதல். சொற்பிறப்பு முடிபாக இதனைக் கூறுகின்றிலேன். ஆயினும் விரலால் அழுத்த வழுகி விலகும் ஒன்றுக்குக் கழலை என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்!

ஆயினும், வயிற்றில் எழும் புடைப்பெல்லாம் கொழுப்பன்று. இருமும்போது பருத்துப் படுக்கும்போது உள்ளே அடங்குவது குடலிறக்கமாகலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதும், விரைந்து வளர்வதும், கடினமானதும், அசையாது ஒட்டி நிற்பதும், நோவு தருவதும் தாமதமின்றி மருத்துவர்க்குக் காட்டற்பாலன. யான் மறைத்த மூன்று மாதத்தை எவரும் பின்பற்றற்க. என்னுடையது கொழுப்பாயிருந்தது என் நற்பேறேயன்றி அறிவன்று.

நோயைத் தமிழிலே விளக்குதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை மருத்துவராக்கினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். அறுவை மருத்துவ நூலொன்று 'இரண வைத்தியம்' என 1867இல் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. தமிழிற் கற்றோர் ஊரிலே தங்கி ஊரார்க்கு உதவுவர் என்பது அவர் கருத்து. கடல் கடந்து வந்தவர்க்கு இயன்றது, இம்மண்ணிற் பிறந்த நமக்கு இயலாதோ?

உலகப் பொதுவான கலைச்சொல்லை விலக்குதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். விலக்குமாறு யான் கூறவில்லை. சீட்டிலே 'லிப்போமா' இருக்கட்டும். நோயாளியின் செவியிலே 'கொழுப்புக் கழலை' விழட்டும். குற்றம் மருத்துவரிடம் மட்டுமன்று. பண்டிதராகிய யாமும் கலைச்சொற்களை ஏட்டிலே அடுக்கி வைத்தோமேயன்றி, ஊரார் நாவிலே ஏற்றினோமல்லோம். கழலை, கொப்புளம், பரு, சிலந்தி என நம் முன்னோர் வேறு பிரித்து வழங்கியவற்றை வகுப்பறையிலாவது பிரித்துக் கற்பிப்போமாக.

என் கழலை இன்றும் அவ்விடத்திலேயே இருக்கின்றது. குளிக்கும்போது கை படும். இப்பொழுது அதன் பெயர் எனக்குத் தெரியும், மனையாளுக்கும் தெரியும்.