கோடை முன்னோட்டத்தில் இடம்பெறாத இடியும் புகையும்

ஆண்டுதோறும் மார்ச் முடிவில் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான முன்னோட்டத்தை வெளியிடுகிறது. அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, வெப்ப அலை நாட்களின் எண்ணிக்கை ஆகியவை இயல்பைவிட மிகுமா குறையுமா என்பதை நிகழ்தகவாகச் சொல்லும் ஆவணம் அது. ஏப்ரல் மாத மழை குறித்த கணிப்பும் உடன் இருக்கும். இடிமழைக்கும் காட்டுத்தீப் புகைக்கும் அதில் தனி இடம் கிடையாது. தக்காணப் பீடபூமியின் கோடையை அறிந்த எவருக்கும் இது பெருங்குறையாகவே தோன்றும்.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு மார்ச் 31 அன்று வெளியான முன்னோட்டம், நாட்டின் பெரும்பகுதியில் இயல்பைவிட அதிக வெப்பத்தை எதிர்பார்த்தது. வெப்ப அலை நாட்கள் மிகக்கூடிய மாநிலங்களுள் மகாராட்டிரமும் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. மே மாதத்தில் நிகழ்ந்தது வேறு. நாடு முழுவதற்குமான அம்மாதச் சராசரி மழை 126.7 மில்லிமீட்டர்; 1901 முதலான பதிவுகளில் மே மாதத்துக்கு இதுவே உச்சம். வழக்கமாக ஜூன் 10ஐ ஒட்டிப் புனே வந்தடையும் தென்மேற்குப் பருவமழை மே 26 அன்றே வந்து சேர்ந்தது.

இதைக் காட்டி முன்னோட்டம் பொய்த்துவிட்டதென எள்ளுவது நேர்மையாகாது. மூன்று மாதச் சராசரியைப் பரந்த நிலப்பரப்புக்குக் கணிக்கும் ஆவணம், ஒரு மாதத்தின் போக்குக்கோ ஒரு மாலையின் புயற்காற்றுக்கோ உறுதி தருவதில்லை. தருவதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. கோடையின் ஆபத்துகளுள் எதனைப் பொதுமக்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதை யார், எந்த அளவுகோலால் தீர்மானிக்கிறார்கள்?

போபோடியிலிருந்து பார்த்தால் இக்கேள்வியின் கூர்மை புலப்படும். புனே மாநகராட்சியின் வடமேற்கு விளிம்பில், முளா ஆற்றின் கரையில், கட்கி படைமுகாமையும் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையையும் ஒட்டி நெருக்கமாக அமைந்த பகுதி இது. ஆற்றைக் கடந்தால் பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சி தொடங்கிவிடும். அம்மாநகராட்சியின் மேற்கு விளிம்பிலுள்ள கிவளேயில் 2023 ஏப்ரல் 17 அன்று மாலை, கோடைமழைக்கு முன் எழுந்த பலத்த காற்றில் இரும்பு விளம்பரப் பலகை ஒன்று சரிந்து, அதன் கீழ் ஒதுங்கியிருந்த ஐவர் மாண்டனர். ஓராண்டு கழித்து, 2024 மே 13 அன்று மும்பையின் காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மீது மாபெரும் பலகை விழுந்தபோது இறந்தோர் எண்ணிக்கை 17. இரண்டும் வெப்ப அலை நிகழ்வுகள் அல்ல. இரண்டும் கோடை இடிமழையின் முகப்பில் வந்த காற்றின் விளைவுகள்.

மராத்தியர் 'வளீவ்' என வழங்கும் இம்மழையின் இயக்கம் வானிலையாளருக்குப் புதிதன்று. பகலில் கொதித்த நிலம் காற்றை மேலெழுப்புகிறது. அரபிக்கடலிலிருந்தோ வங்கக் கடலிலிருந்தோ வரும் ஈரப்பதம் அதனுடன் சேர்ந்தால், பிற்பகலுக்குள் மேகம் பல கிலோமீட்டர் உயரம் வளர்கிறது. மழை விழத் தொடங்கியதும் குளிர்ந்த கனமான காற்று மேகத்திலிருந்து இறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. மழைத்துளி விழுமுன்பே பலகையும் மரமும் தகரக் கூரையும் பெயர்வது இதனால்தான். எந்த நாளில் எந்தத் தெருவில் இது நிகழும் என்பதை மார்ச் மாதத்தில் சொல்ல முடியாது. எந்தெந்த வாரங்களில், எந்தெந்த மணிகளில் இது மிகுதி என்பதை நெடுங்காலப் பதிவுகளிலிருந்து சொல்ல முடியும். பலகைகளின் உறுதியைச் சோதிப்பதற்கும் பட்ட கிளைகளை வெட்டுவதற்கும் நகராட்சிக்குத் தேவையானது அந்த அளவு தகவலே.

புகையின் கதை இதனினும் மறைவானது. பிப்ரவரி முதல் மே வரை புனேயைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் காய்ந்த புல் எரிகிறது. 'வணவா' என மராத்தியில் பெயர் பெற்ற இத்தீயில் பெரும்பகுதி மனிதர் வைப்பது: புதுப்புல் நன்கு தழைக்கும் என்ற நம்பிக்கையாலும், கவனக்குறைவாலும். காற்று அசையாத பின்னிரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலுள்ள வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் அமைகையில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிய புகை விடியும்வரை அங்கேயே தங்குகிறது. குப்பை எரிப்பின் புகையும் அதனுடன் கலக்கிறது. மாலையில் இடிமழையின் முகப்புக்காற்று வீசினால் மலைத்தீ மேலும் பரவலாம். மழை தொடர்ந்தால் அதே தீ அணையவும் கூடும். இடியும் தீயும் புகையும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிய நிகழ்வுகள். நிர்வாகத்திலோ அவை மூன்று மேசைகளில் கிடக்கின்றன. இடி வானிலைத் துறைக்குரியது. செயற்கைக்கோள் வழித் தீ எச்சரிக்கை டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறைக்குரியது. காற்றின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் 'சஃபர்' அமைப்புக்கும் உரியது.

தமிழ்நாட்டுக்கும் இப்பாடம் அந்நியமானதன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். வறண்ட புல்லும் காற்றும் தீயும் ஒரே எச்சரிக்கையாகத் தொகுக்கப்பட்டு மலையேறுவோரை எட்டும் ஏற்பாடு அன்று இல்லை.

அறிவியல் இன்னும் வளரவில்லை என்ற மறுமொழி இங்கே செல்லாது. பாஷாணிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், வடமேற்கு இந்தியாவின் வயல் தீக்களைச் செயற்கைக்கோளால் கண்டு டெல்லியின் காற்று மாசை முன்னறிவிக்கும் அமைப்பை 2018லேயே உருவாக்கியது. மின்னலை எச்சரிக்கும் 'தாமினி' செயலியும் அந்நிறுவனத்துடையதே. கனடா தன் காட்டுத்தீப் புகையின் போக்கை நாள்தோறும் வரைபடமாக வெளியிடுகிறது. 2023 ஜூனில் நியூயார்க்கின் வானத்தைச் செம்மஞ்சளாக்கிய புகையின் வருகையை அமெரிக்க வானிலைத் துறையும் முன்னறிவித்தது. டெல்லிக்காகப் பாஷாணில் செய்யப்படும் கணக்கு, பாஷாணுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள போபோடிக்காகச் செய்யப்படாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது.

அந்நிறுவனம் உருவாக்கிய 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' 2025 மே 26 அன்று அறிமுகமானது. பருவமழை புனேயைத் தொட்ட அதே நாள். அதன் கட்ட அளவு 6 கிலோமீட்டர். உலக அளவிலான கணிப்புக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் போபோடியும் கட்கியும் ஆற்றுக்கு அப்பாலுள்ள தாபோடியும் ஏறத்தாழ ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். எஞ்சிய தொலைவைக் கடக்கவேண்டியது கணினி மட்டுமன்று, உள்ளாட்சியும்தான்.

எச்சரிக்கைகள் மிகுந்தால் மக்கள் அலட்சியம் செய்வர் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதற்கு மாற்று மௌனம் ஆகாது. மார்ச் முன்னோட்டத்துடன் இடிமழை, தீ, புகை ஆகியவற்றின் பருவகால ஆபத்தை விளக்கும் ஒரு பகுதி சேர்க்கப்பட வேண்டும். அதனைப் பெற்றதும் எந்த அலுவலர் எந்தத் தேதிக்குள் எதைச் செய்தார் என்பது வார்டு வாரியாக வெளியிடப்பட வேண்டும். மூன்று மணி நேர எச்சரிக்கை மராத்தியில், செயலி இல்லாதவரின் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தியாகச் சேர வேண்டும். 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட 2,000 கோடி ரூபாயின் பயனை ரேடார்களின் எண்ணிக்கையால் அளப்பது எளிது. அடுத்த ஏப்ரலில் காற்று எழும்போது, பலகையின் கீழ் எவரும் ஒதுங்கி நிற்காதிருப்பதே அதன் சரியான அளவுகோல்.