தேயிலை மூட்டைக்கு முகவரி உண்டு; தொழிலாளிக்கு?

நத்தார் நெருங்குகிறது. அதன் பின்னாலேயே தைப்பொங்கல் வருகிறது. கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அம்மாவுக்குச் சேலை, தம்பி தங்கைக்குச் சப்பாத்து, கொப்பி என்று பொதி கட்டி அனுப்பும் காலம் இது. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போன நம் சகோதரிகள் மாதக் கணக்கில் சேர்த்து வைத்ததைப் பெட்டி கட்டி அனுப்புவதும் இந்தக் காலத்தில்தான்.

இந்தப் பொதிகளில் பல, பண்டிகை முடிந்த பிறகுதான் லயத்துக்கு வருகின்றன. சில வருவதே இல்லை. தபால் தாமதம், மழை, மண்சரிவு என்று நாம் காரணம் சொல்லிக் கொள்கிறோம். அவையும் உண்மைதான். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் மலை ரோடுகள் எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்த கடிதம், தோட்ட ஆபிசிலிருந்து மேட்டு லயத்துக்கு வர ஒரு கிழமை எடுத்தால் அதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உப தபாலகத்துக்கு வரும் கடிதங்களைத் தோட்டத் தப்பால்காரர் பையில் போட்டு ஆபிசுக்குக் கொண்டு வருகிறார். ஆபிசுக்கு வேண்டியது முதலில் பிரிக்கப்படுகிறது. மிச்சம் மேசையில் கிடக்கிறது. பிறகு யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொடுத்தனுப்புகிறார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதும் உண்டு, கடையில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையில் கொடுப்பதும் உண்டு. ஒரே டிவிசனில் மூன்று லெட்சுமி, நான்கு ராஜா இருக்கும்போது கடிதம் யார் வீட்டுக்குப் போகும்? இத்தனை கை மாறும் கடிதத்தில் இரகசியம் என்று ஏதாவது மிஞ்சுமா?

பொதி தாமதமானால் மனம் வருந்துவோம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவோம். ஆனால் புதுச் சேலை வரும் அதே பாதையில்தான் வேறு கடிதங்களும் வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் அப்படித்தான் வருகிறது. நகை அடகு வைத்தவருக்கு ஏலத்துக்கு முன் வங்கி அனுப்பும் அறிவித்தலும், ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமான கடிதமும், நீதிமன்ற அழைப்பும், தேர்தல் காலத்தில் வாக்காளர் அட்டையும் அப்படியே. நேர்முகத் தேர்வுக்கு மறுநாள் கையில் கிடைக்கும் கடிதத்தால் என்ன பயன்? தாலிக்கொடி ஏலம் போன பிறகு வரும் அறிவித்தலை வைத்து என்ன செய்வது? கடிதம் பிந்துவதால் படித்த பிள்ளைக்கு வேலை போகிறது, குடும்பத்துக்குச் சொத்து போகிறது.

இதே தோட்டத்திலிருந்து வெளியே போகும் தேயிலையை எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு மூட்டையிலும் தோட்டத்தின் பெயர் அடித்திருக்கிறது. எந்தத் தரம், எந்த இன்வாய்ஸ் இலக்கம், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறது. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்கு அந்த மூட்டையின் மாதிரி நாள் தவறாமல் போய்ச் சேருகிறது. அந்தத் தேயிலையைக் குடிக்கும் பிரிட்டனில் ராயல் மெயில் ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு முன், எந்த நாட்டுக்கு எந்தத் திகதிக்குள் கடிதத்தைப் போட வேண்டும் என்று அறிவிக்கிறது. அங்கே பொதி அனுப்புகிறவர் அதைப் பார்த்துத் திட்டம் போடுகிறார். நமக்கோ தபாலகம் வரைதான் திகதி சொல்ல முடியும். தபாலகத்திலிருந்து லயத்துக்கு எத்தனை நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூட்டைக்கு இருக்கும் இலக்கம் அதைச் சுமக்கும் தொழிலாளியின் வீட்டுக்கு இல்லை.

கடிதத்தின் அருமை நம் மக்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30 அன்று செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் இரண்டு அரசாங்கங்களும் நம்மைக் கேட்காமலே பங்கு போட்டன. அண்ணன் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போக, தம்பி தலவாக்கலையில் நின்றான். 1984 இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்ற பிறகு, பல குடும்பங்களுக்கு மிஞ்சிய ஒரே உறவு நீல நிறத் தபால்தான். அந்தத் தபாலும் தோட்ட ஆபிஸ் வழியாகத்தான் வந்தது. எத்தனை சாவுச் செய்திகள் காரியம் முடிந்த பிறகு வந்தன என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஏன் இப்படி? லயமும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம், ஆகவே அதற்குள் இருப்பவரின் முகவரியும் தோட்டம்தான் என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. தோட்டங்கள் அரசாங்கத்துக்கு மாறின. 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தப்பால் பை மட்டும் மாறவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தத் தடையை நீக்க 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பிரதேச சபைகள் இனியும் சொல்ல முடியாது.

காணி உறுதி கிடைக்கட்டும், தனி வீடு கட்டட்டும், அப்போது முகவரி தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நாம் ஏற்கக் கூடாது. காணி உரிமைக்கான போராட்டம் தொடரத்தான் வேண்டும். ஆனால் கொழும்பில் வாடகைக்கு இருப்பவருக்கு வீடு சொந்தமில்லை, இலக்கம் இருக்கிறது. கிராமத்தில் இலக்கமே இல்லாத வீட்டுக்கும் தபால்காரர் வாசல் வரை போகிறார். நம் தோட்டங்களிலும் சிலவற்றில் தபால்காரர் லயத்துக்கே வந்து கடிதம் கொடுக்கிறார். அங்கே முடிகிறது என்றால் மற்றத் தோட்டங்களிலும் முடியும்.

தபால் ஊழியர்கள் நம் எதிரிகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களும் தொழிலாளர்கள். 1894 இல் கட்டிய நுவரெலியா தபாலகத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கப் பார்த்தபோது 2023 நவம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். பொதுச் சொத்தைக் காக்க அவர்கள் நின்றார்கள். அந்தப் பொதுச் சேவை லயத்து வாசல் வரை வர வேண்டும் என்று நாம் கேட்கிறோம். 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதத்தின் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாய் ஆனது. தோட்டத்துக்கு அனுப்பும் கடிதத்துக்கும் அதே 50 ரூபாய்தான். காசு முழுதாக வாங்கினால் சேவையும் முழுதாக வேண்டும்.

அதுவரை இந்தப் பண்டிகைக்கு நாம் செய்யக்கூடியவை உண்டு. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்றே போன் போட்டுச் சொல்லுங்கள். நத்தாருக்கு என்றால் டிசம்பர் முதல் கிழமைக்குள் பொதியைப் போட வேண்டும். பொங்கலுக்கு என்றால் நத்தார் நெரிசலுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பெட்டிக்கு வாரக் கணக்கில் நாள் வேண்டும்; அதைப் பல மாதம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். முகவரியில் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம், டிவிசன், தோட்டம், உப தபாலகம், தபால் குறியீடு, போன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200. உங்கள் உப தபாலகத்தின் குறியீட்டைத் தபால் அதிபரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெறுமதியான பொருளைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். துண்டில் உள்ள இலக்கம் இருந்தால்தான் பொதி எங்கே நின்றது என்று கேட்க முடியும். தனியார் கூரியரில் அனுப்பினால் டவுனுக்கு வந்து எடுக்கச் சொல்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு பொதிக்காக ஒரு நாள் பேரும் பஸ் காசும் போய்விடக் கூடாது.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் நிர்வாகத்திடம் இப்போதே மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஆபிசுக்கு வரும் தொழிலாளர் கடிதம் ஒவ்வொன்றும் வந்த திகதியோடு ஒரு புத்தகத்தில் பதியப்பட வேண்டும். அன்றைக்கே கொடுக்கப்பட்டு, வாங்கியவரின் கையெழுத்து பெறப்பட வேண்டும். பதிவுத் தபாலை உரியவரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.

அரசாங்கத்திடமும் பிரதேச சபைகளிடமும் நாம் கேட்பது பெரியது: ஒவ்வொரு லயத்துக்கும் பெயர், ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம், ஒவ்வொரு டிவிசனுக்கும் தபால்காரர். இதைக் கேட்க நம்மிடம் ஆதாரம் வேண்டும். இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, பிந்தி வந்த கடிதங்களின் உறைகளைக் கொண்டு வாருங்கள். தபால் முத்திரையில் ஒரு திகதி இருக்கும். உங்கள் கைக்குக் கிடைத்த திகதியை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு திகதிகளையும் அதிகாரிகளின் மேசையில் வைத்துத்தான் நாம் பேசப் போகிறோம்.