திருத்தணி வெயிலை உங்க வீட்டு முதலுதவிப் பெட்டி தாங்குமா?

கோடை வந்தாலே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணி பெயரும் அடிக்கடி வரும். அதாவது, கிட்டத்தட்ட 38 டிகிரி செல்சியஸ். இப்போ உங்க வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பல மருந்துகளில் '30 டிகிரிக்கு மிகாமல் வைக்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் 25. எக்ஸ்பைரி தேதி செல்லுபடியாவதே அந்தச் சூட்டுக்குள் வைத்திருந்தால்தான்.

ஒருநாள் வெயில் பட்டதும் மாத்திரை விஷமாகிவிடாது. வாரக்கணக்கில் சூட்டில் கிடந்தால் வீரியம் குறையலாம். பார்க்க அப்படியே இருக்கும் என்பதுதான் சிக்கல். களிம்பு என்றால் எண்ணெய் பிரிந்து காட்டிக்கொடுக்கும், பிளாஸ்திரி என்றால் ஒட்டாது.

எங்கே வைப்பது?

பலர் வீட்டில் பெட்டி பரண் மேல்தான். பிள்ளைங்க கைக்கு எட்டாது, நியாயம்தான். ஆனா, பகல் முழுக்க மொட்டைமாடி வாங்கிய சூடு ராத்திரியிலும் அங்கேதான் இறங்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் பகலில் கேட்கவே வேண்டாம். கீழ்த்தட்டு குளிர்ச்சி, ஆனா குழந்தைக்கு எட்டும். அதனால் மேற்கு வெயில் படாத உள்சுவர் அலமாரியில், பெரியவர்கள் தோள் உயரத்தில், தாழ்ப்பாள் போட்டு வைப்பதே சரி. பூட்டு வேண்டாம். ரத்தம் சொட்டும்போது யார் சாவி தேடுவது?

அடுப்படி, பாத்ரூம், ஃபிரிட்ஜின் மேல்தலை, பைக் சீட்டுக்கு அடியில் எல்லாம் கூடாது.

ஃபிரிட்ஜ்ல வைச்சா போதாதா?

போதாது. பஞ்சும் கட்டுத்துணியும் ஈரம் கோக்கும். அட்டையில் '2 முதல் 8 டிகிரி' என்று போட்டிருக்கும் மருந்துக்கு மட்டும்தான் ஃபிரிட்ஜ். திறக்காத இன்சுலின் அந்த வகை. அதையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது.

மலைக்கோயில் 365 படி ஏறி இறங்கிச் சோர்ந்தவருக்கு வீட்டில் முதலில் எடுப்பது ஓஆர்எஸ் பாக்கெட். பொடி கட்டிபிடித்து, பழுப்பேறியிருந்தால் தூக்கிப் போடுங்க. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இன்னொன்று. மெடிக்கலில் அட்டையை வெட்டி நாலே நாலு மாத்திரை வாங்குகிறோம். பல நேரம் தேதி உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. பில் கேட்டு வாங்குங்க, எக்ஸ்பைரி தேதியும் பேட்ச் எண்ணும் அதில் இருக்கும். மடித்து மாத்திரையோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் போதும்.