தொட்டி கட்டுமுன் கூரையைப் பாருங்கள்

மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது முதல், குழாயை இறக்கிக் குழியில் விடுவதே சேகரிப்பு என்று பழகிவிட்டோம். குழியில் விடும் நீரை மண் ஓரளவு வடிகட்டிவிடும். ஆனால் அதே நீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பதென்றால் கணக்கே வேறு. தொட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் விவசாயப் பெருமக்கள் பலர், கூரையை ஒருமுறை ஏறிப் பார்ப்பதில்லை. இது சரியல்ல என்பதே என் கருத்து.

மழைநீரைக் குடிநீராக்கும் தேவை நமக்கு உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிணறுகளில் ஃபுளூரைடு மிகுந்து பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. ராமநாதபுரம் கரையோரத்தில் நீர் உப்பாக இருக்கிறது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 30 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் வடகிழக்குப் பருவத்தில் 400 மி.மீ. மழை பெய்து, முக்கால் பங்கு கிடைத்தால் 9,000 லிட்டர் சேரும். ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் செலவிட்டால் ஏறக்குறைய ஓராண்டுக்கு வரும்.

இனி, எந்தக் கூரை எப்படி என்று பார்ப்போம்.

துத்தநாக முலாம் பூசிய தகரம் நல்லது. வழவழப்பாக இருப்பதால் அழுக்கு தங்காது. வெயிலில் சூடேறிக் கிருமிகள் சாகின்றன. மழைநீர் சற்றுப் புளிப்புத் தன்மை உடையதால் துத்தநாகம் சிறிதளவு கரையும். மிகுந்தால் நீர் துவர்க்கும். ஈயம் கலந்த பழைய பெயின்ட் பூசிய தகரத்தின் நீரை மட்டும் குடிக்கவே கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

சீமை ஓடும் நாட்டு ஓடும் குடிநீருக்கு ஏற்றவையே. ஆனால் நாட்டு ஓட்டில் தூசியும் பாசியும் தங்கும். இடுக்குகளில் அணில், குருவி கூடு கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றும்போதே சுத்தம் செய்துவிட வேண்டும்.

தளம் போட்ட வீட்டில் சிமென்ட் நீரின் புளிப்பைக் குறைக்கிறது; இது நன்மையே. ஆனால் நம் மொட்டை மாடி வெறும் கூரையன்று, அது களம். மருந்து கலந்த விதை அங்கேதான் காய்கிறது. தெளிப்பானைக் கழுவிக் கவிழ்ப்பதும் அங்கேதான். அந்த மருந்து முதல் மழையில் தொட்டிக்குள் இறங்கும். குடிநீர் பிடிக்கும் மாடிக்கு மருந்துச் சாமான் ஏறக்கூடாது. ஒழுக்குக்குத் தார் பூசிய தளத்து நீரும் குடிக்க வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். அதன் உண்மையான ஆபத்து, அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூளைச் சுவாசிப்பதில் இருக்கிறது. நீர் பிடிப்பதற்காக அந்தக் கூரையை உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். வேறு கூரை இருந்தால் குடிநீரை அதிலிருந்து பிடியுங்கள்.

கீற்று, பனையோலை, வைக்கோல் கூரையில் நீர் பழுப்பாக வரும். பாதிக்கு மேல் வீணாகும். அதைத் தோட்டத்துக்கு விடலாம்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் பலவகைக் கூரைகளை ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தகரக் கூரை நீரில் கிருமி குறைவாக இருந்தது. ஆனால் எந்தக் கூரை நீரும் சுத்திகரிக்காமல் குடிக்கத் தக்கதாக இல்லை. ஆகவே ஓட்டைப் பிரித்துத் தகரம் போட வேண்டியதில்லை. இருக்கும் கூரையைச் சுத்தமாக வைத்தாலே போதும்.

அதற்கு வழி எளிது. கூரைமேல் சாயும் வேப்பங்கிளை, புளியங்கிளையை ஐப்பசிக்கு முன் கழித்துவிடுங்கள். முதல் மழையைத் தொட்டியில் விடவே வேண்டாம். பின்னர் ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மி.மீ. நீரை, அதாவது 30 சதுர மீட்டர் கூரைக்கு 60 லிட்டரை, வெளியே தள்ளுங்கள். குழாயின் முனையைத் திருப்பி வைத்தாலே போதும். தொட்டியின் வாயை மூடி, கொசுவலை கட்டுங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, அரை மணி கழித்துப் பயன்படுத்தலாம். அல்லது கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஃபுளூரைடு அப்படியல்ல, கொதிக்க வைத்தாலும் போகாது. அந்த ஊர்களில் மழைநீரே மேல்.

தொட்டிக்கு மானியம் வழங்குவோரும் ஊராட்சிகளும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'உங்கள் கூரை எது? அதன்மேல் என்ன கிடக்கிறது?' என்பதே. கிணற்றைத் தூர்வாரத் தவறாத நாம், கூரையும் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதை மறக்கலாகாது. மழைக்கு முன் ஏணியை எடுங்கள்.